நாளைக்கு வாறாராம்

சாகக் கிடந்த என் மனைவியிடம் நான் பொய் சொன்னேன். அவள் அதை நம்பிக்கொண்டே செத்துப்போனாள்.

நீங்கள் என்னை லண்டனில், ஸ்ட்ரெதம் வீதியில் பார்த்திருக்கலாம். கருவாடு வாங்க வந்தவர்களையும் மறித்துவைத்துக் கிரேக்கத் தத்துவம் பேசுகிற ஆள் நான்தான். கலங்காத மனமே மகிழ்ச்சி. செத்தபின் வலிக்க ஆளே இல்லை, பிறகெதற்குச் சாவுக்கு நடுங்குவது... இதை எத்தனை செத்தவீடுகளில் சொல்லியிருப்பேன்!

என் மனைவி மேரி மன்னார்க்காரி. ஞாயிறு பூசை தவறாதவள்; நானோ ஞானஸ்நானம் பெற்றும் தேவாலயப் பக்கம் போகாதவன். நான் பேசப் பேசச் சிரித்துக்கொண்டே மீன் வெட்டுவாள். "உங்கட கிரேக்கருக்குப் பசிக்காதே? வந்து சாப்பிடுங்கோ" என்பாள்.

அவளுக்கு ஈரலில் புற்று. இனி வைத்தியமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஃபாதரைக் கூப்பிட்டு எனக்குப் பூசுதல் குடுக்கச் சொல்லுங்கோ."

சாகப்போகிறவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிப்பாரே, அதுதான். தேவாலயம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

நான் கூப்பிடவில்லை. நஞ்சுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் கிரேக்கக் கிழவரைப்போல அவளும் அமைதியாகப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளுக்காகவா? இல்லை... என் பேச்சு என் வீட்டிலேயே தோற்றுவிடக் கூடாது என்பதற்காக.

"ஃபாதருக்குச் சொன்னீங்களே?"

"ஓம். நாளைக்கு வாறாராம்."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதையே சொன்னேன். வாசல்மணி அடித்தால் போர்வையை இழுத்துச் சரிசெய்வாள். வந்தது தபால்காரனாக இருக்கும். நான் கட்டிலருகே இருந்து சாவைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். ஐயோ, விளக்கினேன்! அவள் கண் கதவிலேயே இருந்தது. அப்படியே போய்விட்டாள்.

செத்தவருக்கு வேதனை இல்லையாம். இருக்கட்டும். அவள் உயிரோடு இருக்கும்போதுதானே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்...

இந்த வருடம் என் இதயத்தில் அடைப்பு. சத்திரசிகிச்சைக்கு முன், ஏதாவது வேண்டுமா என்று தாதி கேட்டாள். சாவுக்குப் பயந்துவிட்டேன். படித்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை. ஒரு குருவானவரைக் கூப்பிட ஏலுமா என்று கேட்டேன். அவள் ஒரு போன் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார். அவ்வளவு சுலபம்!

நெற்றியில் எண்ணெய் பூசுமுன் பாவங்களைச் சொல்லச் சொன்னார். கோபப்பட்டிருக்கிறேன், பொய் சொல்லியிருக்கிறேன் என்று மேலோட்டமாகச் சொன்னேன். மேரியின் பெயரை எடுக்கவில்லை. மன்னிப்பையும் வாங்கிக்கொண்டேன். வெட்கம் கெட்டவன் நான்.

பிழைத்தும்விட்டேன். போன கிழமை, தாயின் சாவுக்கு வந்துசேர முடியாமற்போன மகள் கனடாவிலிருந்து போனில் கேட்டாள்.

"அப்பா, அம்மாவுக்குப் பூசுதல் குடுத்ததுதானே? எனக்கு அந்த ஒரு ஆறுதல்தான்."

"ஓம் பிள்ளை. ஃபாதர் வந்தவர்."

அவள் அழுதாள். பிறகு, அம்மாவை நல்லபடியாக அனுப்பிவைத்ததற்கு எனக்கு நன்றி சொன்னாள்.