மீதி முனை இங்கே இருக்கிறது

நவம்பர் 18, செவ்வாய். காலை 6.42. போனில் மிஸ்டு கால் மூன்று. மூன்றும் பழைய ஆஸ்பத்திரி வாட்ச்மேன் பழனிசாமி அண்ணன்.

திருப்பிக் கூப்பிட்டேன். "நம்ம சிஸ்டர் போயிட்டாங்க கண்ணு. தூக்கத்துலயேங்க. சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்கறாங்களாமா. வந்துருங்க."

ரோஸ்லின் சிஸ்டர்.

உங்களில் பலருக்குத் தெரியாது. அருள்புரத்தில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, மூடிவிட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. கடைசி நாள் வரை சிஸ்டர் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். மூடிய பிறகு டாக்டர் வீட்டில் கேட்டு, கீழே இரண்டு ரூமை வாங்கி மியூசியம் ஆக்கினார்.

ஆமாம், மியூசியம். கண்ணாடி சிரிஞ்ச், இரும்புக் கட்டில், எக்ஸ்ரே பார்க்கிற லைட் பெட்டி... எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்தில் லேபிள்.

நான் முதல் தடவை போனதற்குக் காரணம் மழை. பைக்கை ஓரம் கட்டிவிட்டு உள்ளே ஒதுங்கினேன், அவ்வளவுதான்.

சும்மா நிற்க எனக்கு வராது. லேபிளில் தப்புக் கண்டுபிடித்தேன். ஆபரேஷன் துணியை நீராவியில் வேகவைக்கிற டிரம். அதில் "அழுத்தம் 15 பவுண்டு" என்று எழுதியிருந்தார்.

"சிஸ்டர், பவுண்டுங்கறது எடைங்க. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டுன்னு எழுதோணும்."

சிஸ்டர் தெற்கத்திக்காரர். இத்தனை வருடம் இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை. "நீ என்னடே, ஆடிட்டரா? அதுல துணி வேகவச்சவ நானு. ஒன் சதுர அங்குலமா வந்து வேகவச்சுது?"

அடுத்த வாரம் போனால், பழைய வரி அப்படியே இருக்கிறது. அதன் கீழே சிவப்பு மையில்: "திருத்தம்: சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. திருத்தியவர்: பிரபு, டெக்ஸ்டைல் டிப்ளமோ."

தப்பை அழிக்காமல் அதற்குக் கீழேயே திருத்தம் எழுதிய ஒரே ஆளை அங்கேதான் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒயிட்னர்.

அப்புறம் அந்த ஊசி அலமாரி...

தைக்கும்போது மெஷின் ஊசி உடைந்து விரலுக்குள் போவது இங்கே அடிக்கடி நடப்பது. அப்படி எடுத்த துண்டுகளை, கார்டு கார்டாக ஒட்டி வைத்திருந்தார். எந்த மெஷின், எந்த விரல், காயம் பட்ட தேதி. ஆள் பெயர் இருக்காது, கம்பெனி பெயரும் இருக்காது.

கம்பெனியில் என் வேலையும் அதேதான். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். குழந்தைத் துணிக்குள் ஊசி போய்விடக் கூடாது என்று வெளிநாட்டு பையர் போட்ட ரூல்.

பெருமையாகச் சொன்னேன். "எங்க ரெஜிஸ்டர்ல ஒரு முனை கூட மிஸ்ஸிங் கிடையாதுங்க சிஸ்டர்."

என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"ஓவர்லாக். இடது ஆள்காட்டி விரல். கம்பெனியில் முழு ஊசியும் கிடைத்துவிட்டதாம். மீதி முனை இங்கே இருக்கிறது."

கீழே பிளாஸ்டர் போட்டு ஒட்டிய முனை. மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.

தேதியைப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். பையரின் ஆள் ரெஜிஸ்டரைச் சோதிக்க வந்த ஆடிட் நாள்.

அன்றைக்கு ஒரு அக்காவுக்கு விரலில் ஊசி ஏறியது. முனை கிடைக்கவில்லை. "ஆடிட்டர் படியேறீட்டான் தம்பி. ஒடைஞ்ச ஊசி டப்பாவுல இருந்து ஏதோ ஒரு முனைய எடுத்து ஒட்டி உடுங்க" என்றார் சூப்பர்வைசர். ஒட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

ரெஜிஸ்டரில் ஊசி முழுசாக இருக்கிறது என்று சொல்லித்தான் அக்காவை அனுப்பினார்கள். முதலில் போன கிளினிக்கில் அதை நம்பிக் கட்டுப் போட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீங்கிய விரலோடு சிஸ்டரிடம் வந்திருக்கிறார். டாக்டரும் வெறும் மாத்திரை எழுதப் போனாராம்.

மீதியைச் சொன்னது பழனிசாமி அண்ணன். "'பேப்பர்ல முழு ஊசி இருந்தா எனக்கென்ன டாக்டர், வெரலுக்குள்ள பாருங்க'ன்னு ஒரே சண்டைங்க. எக்ஸ்ரே எடுக்கற வரைக்கும் சிஸ்டர் நகரலீங்களே."

அப்புறம்தான் முனை வெளியே வந்தது. விரல் மடங்குவது நின்றுவிட்டது. அந்த அக்கா இப்போது ஓவர்லாக் ஓட்டுவதில்லை, வீரபாண்டியில் வேறொரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறார்.

சிஸ்டரிடம் ஒத்துக்கொண்டேன். "அந்த முனையை மாத்தி ஒட்டுனது நாந்தானுங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கார்டை வாங்கி அலமாரியில் வைத்தார். "எங்கிட்டச் சொல்லி என்னடே? வெரலு என்னோடதா? அவகிட்டப் போய்ச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

எப்போது போனாலும் முதல் கேள்வி அதுதான். "போனியா?" ஷிப்மென்ட் சிஸ்டர், என்பேன். "ஆமா, ஒனக்கு என்னைக்கும் ஷிப்மென்ட்டுதான்" என்று சொல்லி டீ ஊற்றித் தருவார்.

போன ஞாயிறும் கேட்டார். "ஏன்டே, வீரபாண்டிக்கு பஸ்ஸே உடலியா?"

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அதுதான் கடைசி...

போய் வாங்க சிஸ்டர்.

இனி செய்ய வேண்டியவை:

1. இன்று லீவு. கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

2. நான்கு மணிக்குள் வீரபாண்டி. அந்த அக்காவிடம் நேரில் சொல்வது. திட்டினால் நின்று கேட்பது. அதற்கு அப்புறம்தான் இதைப் போஸ்ட் செய்வது. நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

3. பழனிசாமி அண்ணனிடம் சாவி. ஞாயிறு பத்திலிருந்து ஒன்று வரை நான் திறந்து வைக்கிறேன். மழை இல்லாவிட்டாலும் வாருங்கள்.

4. அந்தக் கார்டில், சிஸ்டர் எழுதியதற்குக் கீழே, சிவப்பு மையில்: "திருத்தம்: கம்பெனியில் முழு ஊசி கிடைக்கவில்லை. வேறு முனையை ஒட்டியவர்: பிரபு, டெக்ஸ்டைல் டிப்ளமோ."