ஏழுமலைக்குக் கொண்டுபோன பூரி

போன செவ்வாய்க்கிழமை வேலூரிலிருந்து திருவண்ணாமலை போய் வந்தேன். சாமி கும்பிட இல்லை. மலை சுற்றவும் இல்லை, என் முட்டிக்கு மாடிப்படியே பெரும்பாடு. பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் சமையல்காரனாக இருந்தவன் நான். கார்கில் சண்டையில் செத்துப்போன ஏழுமலையின் மனைவி மல்லிகா யாரிடமோ என் நம்பர் வாங்கிப் பேசினார். "அவருக்கு சோறு போட்டவரு நீங்கதானாமே? செவ்வாக்கெழம படையல். அவருக்கு இன்னா புடிக்கும்னு வந்து சொல்லுங்கண்ணா." கல்யாணத்துக்கப்புறம் அவன் இரண்டே தடவைதான் லீவில் வந்தான். பாவம், அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?

எனக்குப் போகவே மனசில்லை. ஏழுமலை செத்த அன்றைக்கு அவனுக்குப் போக வேண்டிய சாப்பாட்டைப் பாதி மலையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தவன் நான். குண்டு விழுந்தது, பயந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தம்மாவிடமாவது சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

காலை 6.10க்குப் பஸ். போளூர் வழியாக 82 கிலோமீட்டர், டிக்கெட் 75 ரூபாய். ஜன்னல் சீட் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. 8.35க்கு இறங்கினேன். அடி அண்ணாமலைக்கு ஆட்டோக்காரர் 300 கேட்டார்.

"ஏம்பா, எட்டு கிலோமீட்டருக்கா?"

"இன்னிக்கு கூட்டம் கம்மி சார், அதான் முந்நூறு. பௌர்ணமின்னா இன்னும் ஜாஸ்தி."

250க்கு ஒத்துக்கொண்டார். பௌர்ணமியில் மட்டும் இந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

ஏழுமலை பெரிய வீரன், சூரன் எல்லாம் இல்லை. மெடலும் கிடையாது. நிலக்கடலை போட்டுக் கட்டுப்படியாகாத குடும்பம், பிளஸ் டூவில் கோட்டை விட்டவன், ஆளெடுப்பில் ஓடித் தேறியவன். சாப்பாட்டு வரிசையில் இரண்டாம் தடவையும் வந்து, முதல் தடவை வருகிற மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான். திருட்டுப் பயல்.

வீட்டில் அவன் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டிருந்தது. கருவாட்டுக் குழம்பு, முட்டை, பக்கத்தில் ஒரு குவார்ட்டர் ரம்.

"ரம்மா? அவன் தொடவே மாட்டாம்மா. அவன் பங்கையும் நான்தான் குடிச்சேன்."

மல்லிகா வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, மிலிட்டரிக்காரராச்சேன்னு வருஷா வருஷம் வெச்சிக்கினு இருக்கேனே! அப்ப இன்னாதான் புடிக்கும்?"

"பூரி. கெழங்கு வேணாம்பான். சர்க்கரை தொட்டுக்குவான்."

"சர்க்கரையா!" என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டே விட்டார். "கடைசி நாளு சாப்ட்டாராண்ணா?"

சாப்பிட்டான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். அன்றைக்கும் பூரிதான், முதுகில் கட்டிக்கொண்டு ஏறினேன், பாதியில் திரும்பினேன், விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப பசியோடதான் போனாரு," என்றார். எழுந்துபோய் கோதுமை மாவு டப்பாவை என் முன்னால் வைத்தார். "பெசைங்க."

பிசைந்தேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. ஆறு பூரி சுட்டுத் தட்டில் சர்க்கரையோடு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே கொண்டு போயி வைங்க. இந்த தபா பாதில திரும்பாதீங்க."

அடுப்பிலிருந்து இலைக்குப் பத்தடி இருக்கும். கொண்டுபோய் வைத்தேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

திரும்பி வர பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, அரை மணிக்கு ஒன்று கிடைக்கும். இப்படி ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவர் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள், அவர்கள் கையால் எதுவும் வாங்கிச் சாப்பிடுவதற்கு முன்னால். நான் போனதும் அந்தம்மா இட்லி வைத்தார். நாலு சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னேன்.