கால்வாயில் அப்பா இறங்கிய நாள்

பிள்ளைகளே, ஸ்பெயின் என்றால் உங்களுக்குக் கடற்கரை, ஐஸ்கிறீம், முதுகு உரிகிற வெயில். நான் உங்கள் வயதில் ஸ்பெயினுக்குப் போனபோது கடலைக் கண்ணாலும் காணவில்லை. கோதுமை வெட்டி முடிந்த மஞ்சள் வெளிகளுக்கு நடுவே கிடந்த ஒரு பழைய கால்வாயின் கரையில் ஒரு கிழமை முழுதும் நடந்துவிட்டு வந்தோம். அவ்வளவுதான் எங்கள் ஸ்பெயின்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவில், குரோருட் பக்கம் இருந்தோம். கோடை விடுமுறை முடிந்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் யார் அதிகம் கறுத்திருக்கிறார்கள் என்று கையோடு கை வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் போட்டியில் நான் எங்கும் போகாமலே வென்றுவிடுவேன். ஆனாலும் எனக்கும் ஒரு கடல் வேண்டும் என்று வீட்டில் அழுது அடம்பிடித்தேன். அப்பா பஸ் ஓட்டினார். அவரோடு வேலை செய்த ஒரு நோர்வேக்காரர் சைக்கிளில் அந்தக் கால்வாய் நெடுகப் போய் வந்தவர். சனம் இல்லாத இடம், அமைதியான தண்ணீர் என்று அவர் சொன்னாராம். அப்பா உடனே அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அமைதியான தண்ணீரை வைத்து என்ன செய்வது என்று நான் கேட்டேன். "நடக்கலாம்" என்றார் அப்பா.

எங்களோடு மாமியும் வந்தார். மாமி அப்பாவின் அக்கா. ஒஸ்லோவின் இன்னொரு பக்கம், மோர்டென்ஸ்ருட்டில் தனியாக இருந்தார்.

இந்த இடத்தில் உங்களுக்கு என் அப்பப்பாவை, அதாவது அப்பாவின் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் மாமியும் நோர்வேக்கு வந்த பிறகு ஊரில் சண்டை பெருத்து, சனமெல்லாம் ஒரே இரவில் ஊரை விட்டு வெளிக்கிட்டது. அப்பப்பாவும் வெளிக்கிட்டவர்தான். பாதி வழியில், கட்டின மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வருகிறேன் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை. மாமி மட்டும் இருக்கிறார் என்று சொன்னார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு ஒரு வேட்டி வாங்கி அலுமாரியில் வைத்தார். சண்டை நின்று பாதை திறந்த காலத்தில் அப்பா ஊருக்குப் போய் ஒரு மாதம் தேடினார். மெலிந்து திரும்பி வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் "ஒண்டும் தெரியேல்லை" என்று மட்டும் சொன்னார்.

ஆடி அமாவாசை என்று ஒரு விரதம் இருக்கிறது. தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகள் அன்றைக்குத் தண்ணீரில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, அதன் பிறகுதான் சாப்பிடுவார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் அதைப் பிடிக்கவே கூடாது. ஆகவே என் அப்பா அதைப் பிடித்தால் அப்பப்பா செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். ஒஸ்லோக் கோயிலில் போய் நின்றால் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாமிக்குச் சொல்லாமல் செய்ய அப்பாவுக்கு மனமில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. அதனால்தான் அவரையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனார். போயும் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கடல் இல்லை என்கிற துக்கம் மட்டும்தான்.

ஒவ்வொரு நாளும் காலையில் நடந்தோம். கரையோரப் பாதை முந்தி கோவேறு கழுதைகள் நடந்த பாதை. அவை கரையில் நடந்து கயிற்றால் படகை இழுக்குமாம். கூரை போன ஒரு பழைய மா ஆலை, கோபுரத்தில் நாரைகள் கூடு கட்டின ஒரு தேவாலயம், படகுகளை ஏற்றி இறக்குவதற்காக முட்டை வடிவில் கட்டிய கல் தொட்டிகள் என்று எல்லாவற்றையும் அப்பா காட்டினார். ஆனால் அவர் கட்டிடங்களைப் பார்க்கவில்லை. படிகள் எங்கே தண்ணீருக்குள் இறங்குகின்றன என்று குனிந்து குனிந்து பார்த்தார்.

காரியம் வெளிப்பட்டது நாங்கள் தங்கியிருந்த கிராமத்துக் கடையில். அம்மா அலுமாரித் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். உள்ளே காம்போடு சின்னச் சின்னப் பச்சைக் காய்கள் உப்புத் தண்ணீரில் மிதந்தன.

"ஐயோ, இஞ்ச பாருங்கோ, காத்தோட்டிக்காய்! அச்சொட்டா அதேதான். நாளைக்கு..." என்று தொடங்கிய அம்மா பாதியில் நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு என்ன?" என்று கேட்டார் மாமி.

"ஒண்டுமில்லை மச்சாள். ஊறுகாய்க்கு."

"ஊறுகாய்க்கு ஏன் உமக்கு முகம் வேர்க்குது?"

காத்தோட்டிக்காய் கசப்பு. ஊரில் அதைத் தேடிப் பிடித்துக் கறி வைப்பது அந்த ஒரு விரதத்துக்குத்தான். மாமி போத்தலை வாங்கிப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் கலன்களோடு நின்ற அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாளைக்கு என்ன நாள்?"

"வெள்ளிக்கிழமை, அக்கா."

"நான் கிழமை கேக்கேல்லை."

அப்பா கலன்களைக் கீழே வைத்தார்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளுத் தண்ணி இறைக்கப் போறியோ? நாளைக்கு ஐயா வந்து கதவைத் தட்டினா என்ன முகத்தோடயடா திறப்பாய்?"

"வந்தா காலில விழுவன், அக்கா."

கடைக்காரப் பெண், போத்தல் சிறிதாக இருப்பதால்தான் சண்டை என்று நினைத்து, உள்ளே போய்ப் பெரிய போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா இரண்டையும் பார்த்தார். சின்னதை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை மாமி எழும்பி முட்டை பொரித்தார். விரத வீட்டில் முட்டை வாசம் வரலாமா? வரவேண்டும் என்றே பொரித்தார். அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டினார். எனக்கு இரண்டு முட்டை கிடைத்தது. நான் சந்தோசமாகச் சாப்பிட்டேன்.

படிகள் இருந்த இடத்தில் ஒரு பலகை நின்றது. நீந்துகிற ஆளின் படம், அதன் மேலே சிவப்புக் கோடு. என் அப்பா ஒரு வாகனமும் இல்லாத தெருவில்கூடப் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிற ஆள். அப்படிப்பட்டவர் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். மாமி அவரைப் பாராமல் நேரே நடந்தார். அம்மா என்னை, "மாமியோட போ அப்பன்" என்று அனுப்பினார். அந்தப் பலகையால்தான் மாமிக்குக் கோபம் என்று நினைத்தேன். "மாமி, பொலிஸ் ஒருத்தரும் இல்லை, பயப்பிடாதேங்கோ" என்றேன். மாமி என் தலையில் கையை வைத்தார்.

அடுத்த கல் தொட்டி வரை நடந்தோம். அதற்கு இப்போது கதவு இல்லை. தண்ணீர் இரைந்து கீழே விழுந்தது.

"இப்ப படகு வாறேல்லையோ?" என்று கேட்டார் மாமி.

"ரெயில் வந்த பிறகு வாறேல்லையாம். அப்பா சொன்னவர்."

"இஞ்ச இருந்த ஆக்கள் உடன நம்பியிருப்பினமோ, இனி வராதெண்டு?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா அதைச் சொல்லித் தரவில்லை. மாமி கல்லில் குந்தியிருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கல் எறிந்து விளையாடி, அதுவும் அலுத்து, பசிக்கிறது என்றேன். மாமி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா இன்னும் தண்ணீரில்தான் நின்றார். இடுப்பளவு தண்ணீர். பொத்திய கையில் எள்ளு. ஒன்றும் இறைக்கவில்லை. அவ்வளவு நேரமும் அப்படியே நின்றிருக்கிறார். உதடு நீலம் பாரித்திருந்தது. அம்மா அவருக்குத் துடைக்கத் துவாயைப் பிடித்தபடி படியில் நின்றார்.

"அக்கா, நீங்கள் வேண்டாமெண்டா நான் ஏறி வாறன்" என்றார் அப்பா.

மாமி கரையில் நின்று அவரைப் பார்த்தார். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அவர் போய் மறையும்வரை மாமி பாதையைப் பார்த்தார்.

"தண்ணி குளிருதெல்லோ" என்றார் பிறகு. "கெதியாச் செய்துபோட்டு ஏறு."

அப்பா கையை விரித்தார். தண்ணீரை அள்ளினார். எள்ளு விரல்களுக்கு இடையால் வழிந்து போவதைப் பார்த்தேன். அப்பப்பாவின் பெயரைச் சொல்வது கேட்டது. மூன்று தரம் முழுகினார். சண்டை முடிந்துவிட்டது, மாமி விட்டுவிட்டார் என்று எனக்குச் சரியான சந்தோசம். கடல் இல்லாவிட்டால் என்ன, இதுவும் தண்ணீர்தானே. நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தேன்.

மாமி என் கையைப் பிடித்துச் சுண்டி இழுத்தார். அவர் என்னை அப்படி ஒருநாளும் இழுத்ததில்லை.

"நீ இறங்கக் கூடாது. உனக்கு அப்பா இருக்கிறார்."

"அப்பாக்கும் அப்பா இருக்கிறார்தானே, மாமி?" என்றேன்.

மாமி கையை விடவில்லை. அம்மா துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா எங்களுக்கு முதுகு காட்டித் தண்ணீருக்குள்ளேயே நின்றார். பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து விட்ட பிழையை நான் ஒருவனாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.