பெல்மெட் கழற்றிய வீடு

பிள்ளைகளா, பெல்மெட் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே, சுவரோடு சேர்த்து அடித்த நீளமான மரப்பெட்டி. திரைக்கம்பி வெளியே தெரியாமல் மறைக்கும். இப்போது யாரும் அதை விரும்புவதில்லை. திரை மாட்டுகிற இந்த வேலையில் நான் கழற்றிப் போட்ட பெல்மெட்டுகள் எத்தனையோ. ஒன்று மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. காப்பிக்கொட்டை நிறம், ஒரு முழ உயரம், விளிம்பில் செதுக்கிய கொடி. அதைச் சொல்லாமல் விட்டால், அப்பா வேலையில் பிசகே செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜெயநகர் பக்கம் ஒரு வீடு. சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவரும் அவர் மனைவியும் மட்டும். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. ஹாலிலேயே ஜன்னலைப் பார்த்தபடி கட்டில். வெளிநாட்டில் இருந்த மகள் போன் வீடியோவில் ஹாலைச் சுற்றிக் காட்டச் சொன்னார்.

"அண்ணா, அந்தப் பெட்டிய மொதல்ல எடுங்க. வீடு மாதிரியா இருக்கு? தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கு."

பெரியவர் சிரித்தார். "முப்பது வருஷம் அங்கதானேம்மா குப்பை கொட்டினேன்."

கழற்றியபோதுதான் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடி வென்டிலேட்டர் இருப்பது தெரிந்தது. இத்தனை வருடம் பெல்மெட் அதை மறைத்திருக்கிறது. நான் கொண்டுபோன ரோலர் திரையோ கீழே ஜன்னல் அளவுக்குத்தான். அதை மாட்டி முடித்து, "பாருங்க சார், ஹாலுக்கே உயிர் வந்த மாதிரி வெளிச்சம்" என்றேன். அப்போது அந்த அம்மா இடக்கையை மெதுவாகத் தூக்கி நெற்றியில் வைத்தார்கள். எனக்கு சலாம் வைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏணி தூக்குகிறவனுக்கு யார் சலாம் வைப்பார்கள்? நெஞ்சு நிறைந்துபோய் நானும் பதிலுக்குக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். அவர்கள் கையை இறக்கவே இல்லை. நான் ஏணியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கழற்றிய பலகைகளையும் அன்றே பழைய மரக்கடையில் போட்டேன்.

பத்து நாள் கழித்துப் பெரியவர் போன் செய்தார். மேலிருந்து வெயில் விழுகிறது, வந்து பார் என்றார். எனக்கு ஹெப்பகோடியில் அடுக்குமாடி வேலை ஓடிக்கொண்டிருந்தது. "வெயில்தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன். அப்படிச் சொன்ன வாயை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. பெரியவர் கட்டிலோரம் நின்று, விரித்த செய்தித்தாளை மனைவியின் முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"பத்தரையிலிருந்து பன்னண்டு வரைக்கும் நேரா முகத்துல அடிக்குதுப்பா. அவளுக்கு வலது இமை மூடாது. துணி போட்டா பயப்படுறா. கட்டில நகர்த்த எனக்கு சக்தியில்ல."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"எனக்கே தெரியலையே. கண்ணு தண்ணியா வடிஞ்சுது. பொண்ண நெனச்சு அழறான்னு நெனச்சேன். தினமும் உக்காந்து சமாதானம் சொல்லிட்டிருந்தேன். நர்ஸம்மா வந்து பார்த்துச் சொன்னப்புறம்தான்…"

நான் சலாம் என்று நினைத்த அந்த இடக்கை ஞாபகம் வந்தது. எத்தனையோ வீடுகளில் ஏணியில் நின்று அளவெடுத்திருக்கிறேன், வாசலில் நின்று அழகு பார்த்திருக்கிறேன். அந்த ஹாலைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவோ படுத்திருந்தார்கள். அவர்கள் தலைமாட்டில் ஒரு நிமிஷம் குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஓடிப்போய் ஒரு பிளைவுட் பலகை வாங்கி வந்து, அளவாக அறுத்து, வென்டிலேட்டரை மறைத்துத் திருகினேன். பூச்சு இல்லாத பலகை, ஹாலுக்குப் பொருத்தமே இல்லை. பலகை வெயிலை மூடியதும் கட்டில்மேல் நிழல் விழுந்தது. பெரியவர் செய்தித்தாளை இறக்கி, மடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தலைமாட்டில் குனிந்து பார்த்தேன். வெயில் இல்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் என்னைப் பார்த்தார்களா, பலகையைப் பார்த்தார்களா, தெரியவில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில், உங்கள் அம்மா கார்மென்ட்ஸ் வேலையில். நீலசந்திராவில் நம் வீட்டுக்குள் ஒரு பாய் அகலத்துக்குத்தான் வெயில் வரும். அது வரும்வரை காத்திருந்து, அங்கே மல்லாந்து படுத்தேன். வலது இமையை இரண்டு விரலால் திறந்து பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை.