எட்சனின் கைப்பழக்கம்

அருமனை ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் பெமிலாவுக்குத் தன் கணவன் எட்சனின் கைத்துப்பாக்கியைக் கண்டாலே குமட்டும். ரப்பர் தோட்டத்தின் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கியவன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குண்டில்லாத துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்து ‘சடக்’கென்று விடுவான். பேச்சில் அவளிடம் தோற்கும்போது அந்தச் சத்தம் கூடும். பிறகு துப்பாக்கி எண்ணெய் ஒட்டிய விரல்களாலேயே அவித்த மரச்சீனிக் கிழங்கைப் பிசைந்து தின்பான்.

ஒருநாள், விசையைத் தொடாமலே துப்பாக்கியில் குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியல் தானாக விழத் தொடங்கியது. மார்த்தாண்டத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் யேசுரத்தினத்திடம் இருவரும் போனார்கள். அவர் பிரித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

“சாரே, வெறுதே இழுத்து இழுத்து விட்டு, சுத்தியலப் பிடிக்கிற கொக்கி மழுங்கிப் போச்சு. இனி குண்டு போட்டு இழுத்து விட்டா, விரல் படாமலே வெடிச்சிரும்.”

“அது சும்மா ஒரு கைப்பழக்கமாக்கும்,” என்றான் எட்சன்.

அவர் பாகங்களைத் திரும்பப் பூட்டி மேசைமேல் வைத்ததும் எட்சன் துப்பாக்கியை எடுத்து, பெமிலாவின் நெற்றிக்கு நேரே நீட்டி மறுபடியும் இழுத்து விட்டான்.

“ஏட்டி, பயந்திட்டியா?”

அவள் பயப்படவில்லை. அழுகிய மீனைத் தொட்டதுபோல் உடம்பெல்லாம் அருவருத்தது. யேசுரத்தினம் அவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினார்.

“அண்ணே, இத நன்னாக்காண்டாம், பழுது பாக்கவே வேண்டாம்,” என்றாள் பெமிலா. “நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க பாத்தத சொல்லுவியளா?”

“வாறேன் மக்களே,” என்றார் அவர் கனிவாக.

விசாரணைக்குப் பிறகு லைசென்ஸ் ரத்தானது. எட்சன் வெகுநாள் அவளோடு பேசவில்லை. அவன் பேச வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.