இருபத்தோராயிரத்துக்குக் கீழே

கண் விழித்ததும் வெள்ளைச்சாமி முகம் கழுவப் போவதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி தங்கமணியின் இடது கையை எடுத்து, முழங்கைக்குக் கீழே புடைத்திருக்கும் நரம்பின் மேல் மூன்று விரல்களை வைப்பார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக டாக்டர்கள் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் அது. உள்ளே மெல்லியதாக ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றுவிட்டால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விரலுக்குச் சரியாகத் தட்டுப்படாத நாளில் காதை வைத்துக் கேட்பார். "ஓடுது, ஓடுது. நீ தூங்கு" என்பார். தங்கமணி எங்கே தூங்கினாள்? "எனக்கே தெரியுது ஓடுதுன்னு. ஐஸ் மாதிரி இருக்குற காத எடுங்க மொதல்ல" என்பாள்.

அதன் பிறகுதான் அவருக்குப் பல் தேய்ப்பது, டீ, கம்பெனி எல்லாம்.

ஓசூர் சிப்காட்டில், டிராக்டருக்கும் லாரிக்கும் உதிரிபாகம் கடையும் நடுத்தரமான கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டர் கடைசல் மிஷின் ஓட்டும் சி.என்.சி. ஆபரேட்டர் அவர். சொந்த ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு பஸ் ஏறி வந்தவர், மத்திகிரியில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்குப் புகுந்து, தலை நரைக்கிற வரைக்கும் அங்கேயே இருக்கிறார். இத்தனை வருஷம் ஆகியும் பேச்சிலிருந்து தெற்கத்திச் சீமை போகவில்லை. மிஷினைத் திட்டுவது மட்டும் தெலுங்கில். அதற்குத் தெலுங்குதான் புரிகிறதாம்.

வேலையில் ஆள் கெட்டிக்காரர். ஆனால் வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் நடக்கும் கிரேடு டெஸ்டில் மட்டும் தவறாமல் தோற்பார். ஒரு துண்டு இரும்பைக் கொடுத்து, வரைபடத்தில் உள்ளபடி கடைந்து தரச் சொல்வார்கள். சரியாக வந்தால் கிரேடு ஏறும், சம்பளமும் ஏறும். வெள்ளைச்சாமி கடைசி வெட்டு வரைக்கும் பிசகாமல் கடைவார். கடைசி வெட்டில் மயிரிழை கூடுதலாக இறக்கிவிடுவார். அளந்து பார்த்த குவாலிட்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினால், "என்னமோ தெரியல சார், கை நடுங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அவரிடம் மிஷின் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன்கள் இன்றைக்கு லைன் லீடர் ஆகி அவருக்கே வேலை ஏவுகிறார்கள். அவர் வேண்டுமென்றே தோற்கிறார் என்பது மிஷின் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

காரணம் இதுதான். மாதச் சம்பளம் இருபத்தோராயிரத்தைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு கிடையாது. இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால், அது அனுப்பிவைக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் தங்கமணிக்கு வாரம் மூன்று நாள் நடக்கிற டயாலிசிஸ் கிடையாது. அவர் சம்பளம் அந்தக் கோட்டுக்கு நானூறு ரூபாய் கீழே நிற்கிறது. கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்பார்கள். ஒரு மாதம் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வரும் வழியில் சூளகிரி தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே அவளுக்குத் தலை தொங்கிவிட்டது. ஏழைகளுக்கான காப்பீட்டு அட்டை வாங்க அவருடைய சம்பளம் அதிகம். கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்க அதே சம்பளம் பற்றாது. எந்த மகராசன் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டானோ, அவன் வீட்டில் யாருக்கும் சீக்கு வந்ததில்லை போலிருக்கிறது. ஓவர்டைம் காசு அந்தக் கோட்டுக்கணக்கில் சேராது என்று எவரோ சொன்னதிலிருந்து, வெள்ளைச்சாமி ஓவர்டைமை மட்டும் விடுவதே இல்லை.

டெஸ்டில் தோற்கலாம். எல்லோருக்கும் சேர்த்துச் சம்பளம் ஏறினால் எங்கே போய்த் தோற்பது?

போன தீபாவளி கழிந்ததும் அந்த வினை வந்தது. தொழிலாளிகள் சார்பில் நிர்வாகத்தோடு பேசும் ஒர்க்ஸ் கமிட்டியில் மாதேஸ்வரன் என்று ஒருவன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள், முப்பது வயதுக்குள், சூடான ரத்தம். அவன் எழுதிக்கொடுத்த கோரிக்கையில் இரண்டே விஷயம்தான். நிரந்தரத் தொழிலாளிகள் எல்லோருக்கும் ஒரே அளவாகச் சம்பள உயர்வு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, பிடித்தம் இல்லாமல், முழுசாக.

அந்தக் காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருத்தி நாகம்மா. இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாக உதிரும் கழிவுக்குச் சிப்ஸ் என்று பெயர். பிளேடு மாதிரி அறுக்கும். மிஷின் மிஷினாகப் போய் அதைக் கூட்டி அள்ளித் தொட்டியில் கொட்டுவது அவள் வேலை. கையுறை எப்போதும் கிழிந்தே இருக்கும். கூலியை ஏற்றச் சொல்லிக் கேட்டால் காண்ட்ராக்டர் சிரிப்பானாம். "அரிசி ஓசி, பஸ் ஓசி, மாசம் பொறந்தா ஆயிரம் ரூவா பேங்க்ல விழுது. உனக்கு எதுக்கு இன்னும் கூலி?" கொடுக்கிறது அரசாங்கம், அதைக் காட்டிக் கூலியை அமுக்குகிறது இவன். நாகம்மா மூன்று பெண்களோடு ஓர் அறையில் ஒண்டியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் அஞ்செட்டிக்கு அந்தாண்டை, அவளுடைய அம்மா வீட்டில் வளர்கிறார்கள். பஸ் கிடைக்கிற மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

கோரிக்கை போன செய்தி வந்த அன்று, வெள்ளைச்சாமியின் மிஷினடியில் குனிந்து கூட்டிக்கொண்டே, "அண்ணா, கவர்மெண்டு கூலி வந்துச்சுன்னா தனியா ரூமு எடுத்துருவேன். மத்திகிரிலயே ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பசங்கள இட்டுக்கினு வந்துருவேன்" என்றாள். அவள் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. "வரட்டும், வரட்டும்" என்றார். சொல்லிவிட்டு மிஷின் கதவைச் சாத்திக்கொண்டார்.

கம்பெனி வேறொரு யோசனை சொன்னது. சம்பள உயர்வுக்குப் பதிலாக நிரந்தர ஆட்களுக்கு மாதாமாதம் ஒரு மளிகைப் பை: எண்ணெய், துவரம் பருப்பு, சர்க்கரை, சோப்பு. பை சம்பளத்தில் சேராது, யாருடைய இ.எஸ்.ஐ.யும் போகாது. காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. உயர்வா பையா என்று தொழிலாளிகளே கை தூக்கிச் சொல்லட்டும் என்றார்கள். கை தூக்கும் உரிமை நிரந்தர ஆட்களுக்கு மட்டும்.

எச்.ஆர். அதிகாரி சுசித்ரா, வெள்ளைச்சாமியைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னாள். பீங்கான் கோப்பையில் டீ வந்தது. "வெள்ளைச்சாமி சார், உங்க சிச்சுவேஷன் எனக்குத் தெரியும். நீங்க எழுந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும்" என்றாள். இந்தக் கம்பெனியில் அவரை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. டீ ஆறிப்போனது. "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று எழுந்து வந்தவர், நேராக மாதேஸ்வரனைத் தேடிப் போனார்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பிடித்தார். "மாதேசு, என்னைய மட்டும் இந்தக் கணக்குலருந்து எடுத்துரு. எனக்கு ஏத்த வேணாம். எழுதிக் குடுத்துர்றேன்."

"அதெப்படிண்ணா முடியும்? இன்னிக்கி நீங்க எழுதிக் குடுப்பீங்க. நாளைக்கி கம்பெனிக்காரன் எல்லார்கிட்டயும் அதே மாதிரி எழுதி வாங்குவான்."

"இ.எஸ்.ஐ. நின்னுருமேப்பா."

"ஒடனே நிக்காதுண்ணா. ஆறு மாசம் கிட்ட ஓடும்."

"ஆறு மாசத்துக்கு அங்கிட்டு?"

மாதேஸ்வரன் டீயைக் கீழே வைத்தான். "நாங்க இருக்கறோம் இல்ல? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடுப்போம்."

"எத்தன மாசம் போடுவீக?" வெள்ளைச்சாமி கோபமாகக் கேட்கவில்லை, அவனுக்கு நிஜமாகவே பதில் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்பது போலக் கேட்டார்.

மாதேஸ்வரன் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். "பையா குடுத்தா அவன் நெனச்ச அன்னிக்கி நிறுத்திருவான்ணா. கூலின்னா சட்டைய புடிச்சுக் கேக்கலாம். அந்தப் பொம்பளைங்க பாவம்ணா" என்றான். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க வெள்ளைச்சாமியால் முடியவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் கை கழுவும் இடத்தை ஒட்டி நின்றார்கள். சுசித்ரா ஸ்லைடு போட்டு விளக்கி முடித்துவிட்டு, "சீனியர் ஆபரேட்டர் வெள்ளைச்சாமி சார் பேசுவார்" என்றாள். அவர் எழுந்தார். கையில் இருந்த மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவனிடமே கொடுத்துவிட்டார்.

"எனக்குப் பேச வராது. எம் பொஞ்சாதி கையில ஒரு சத்தம் ஓடும். தெனம் காலைல அது ஓடுதான்னு பாத்துட்டுத்தேன் வேலைக்கு வாரேன். மாதேசு கேக்குறது நாயந்தேன். நாயமில்லன்னு நான் சொல்லல. ஆனா சம்பளம் ஏறுச்சுன்னா அந்தச் சத்தம் நின்னுரும். அம்புட்டுத்தேன்."

உட்கார்ந்துவிட்டார். மளிகைப் பைக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றபோது முதலில் எழுந்த கை அவருடையது. பின்னாலேயே அப்பாவுக்கு இதய ஆபரேஷன் செய்தவன், பெண்டாட்டி மாசமாக இருக்கிறவன், இடுப்பு வலிக்காரர்கள் என்று ஒவ்வொரு கையாக எழுந்தது. பாதிக்கு மேல் தேறிவிட்டது. மாதேஸ்வரன் எண்ணக்கூட இல்லை. வெள்ளைச்சாமி கையைத் தூக்கியவாறே கை கழுவும் இடத்துப் பக்கம் பார்க்காமல் இருக்க என்ன பாடு பட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீட்டில் தங்கமணி, "என்னங்க ஆச்சு?" என்றாள்.

"ஏத்தல. நமக்கு ஒண்ணும் ஆகாது."

"நமக்கு ஆகாது. யாருக்கு ஆச்சு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாப்பிடும்போது நாகம்மாவின் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். தங்கமணி தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவர் தொடுவதற்கு முன்பே இடது கையைப் பின்னால் நீட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

நாகம்மா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். வரிசையில் எல்லா மிஷினையும் கூட்டிவிட்டுக் கடைசியாக அவருடையதற்கு வருவாள். அவர் அங்கே நிற்பதே தெரியாதது மாதிரிக் கூட்டிவிட்டுப் போவாள். முதல் மாதம் மளிகைப் பை கொடுத்த அன்று, தன் பையைக் கொண்டுபோய் அவளுடைய சிப்ஸ் தொட்டிப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தார். ஷிப்ட் முடியும்போது பை வைத்த இடத்திலேயே இருந்தது. யாரோ ஒரு பையன், "அண்ணா, பைய மறந்துட்டீங்க" என்று ஓடி வந்து கையில் திணித்தான்.

அப்புறம் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஷிப்டுக்கு முன்னதாகவே வந்து, துடைப்பத்தை எடுத்துத் தன் மிஷினைச் சுற்றி உள்ள சிப்ஸைத் தானே கூட்டி அள்ளிவிடுவார். நாகம்மா வரும்போது அங்கே அவளுக்கு வேலை இருக்காது. தான் நிற்கிற இடத்தில் அவள் குனிவதைப் பார்க்க அவரால் முடியவில்லை, அதற்காகத்தான். பக்கத்து மிஷினையும் சேர்த்துக் கூட்டினார். மனசு லேசானது போலிருந்தது.

சூப்பர்வைசர் சின்னராஜ் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டான். "அட, ஆபரேட்டருங்களே கூட்டிக்கினா காண்ட்ராக்ட்ல ரெண்டு ஆள கொறச்சிரலாம் போல இருக்கே" என்றான். விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா, தெரியாது. சொல்லிச் சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனான்.

தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நாகம்மா நின்றுவிட்டாள். அப்புறம் விடுவிடுவென்று வந்து வெள்ளைச்சாமியின் கையிலிருந்த துடைப்பத்தைப் பற்றினாள். அவர் உடனே விடவில்லை.

"வுடுண்ணா," என்றாள். "இதையும் எடுத்துக்காத."

அவர் விட்டார். மிஷின் முன்னால் ஆபரேட்டர் நிற்பதற்காகப் போட்டிருக்கும் மரப்பலகையின் மேல் ஏறி, கதவோடு ஒட்டி நின்றுகொண்டார். பலகையின் மேலேயும் சிப்ஸ் கிடந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, துடைப்பத்தை அவர் காலடிக்கு நீட்டினாள். வெள்ளைச்சாமி ஒரு காலைத் தூக்கிக் கொடுத்தார். அவள் கூட்டி முடித்ததும் அதை ஊன்றிவிட்டு, மற்றக் காலைத் தூக்கிக் கொடுத்தார்.