கூரைக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து

போன வாரம் பள்ளத்தூரில் ஒரு கூரைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்தர் கல்யாணத்துக்குப் போட்டிருக்கிறேன். நிலப் பத்திரத்துக்குப் போட்டிருக்கிறேன். கூரைக்கு இதுதான் முதல் தடவை. கை இன்னும் சரியாகவில்லை. இந்த வாரப் பத்தி கோழி கிளறியது போலிருந்தால் அச்சுக் கோப்பவரைத் திட்டாதீர்கள்.

விஷயம் இதுதான். ராணுவத்தில் இருப்பவர்களின் வீடுகளை மழைக்கு முன்னால் பழுது பார்க்க சர்க்கார் மானியம் தருகிறது. ஓடு மாற்றலாம், சுவர் பூசலாம். வேலை ஒழுங்காக நடந்ததா என்று உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெரிய மனிதரா, நீயா என்கிறீர்களா? வேலையை மேற்பார்க்கும் சர்க்கார் ஓவர்சியரும் நல்லவர்களையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

வேலை தொடங்கும் முன் வீட்டைப் பார்க்க முதல் தடவை போனது சித்திரையில். உச்சி வேளை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் பெரிய பெரிய வீடுகள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது... ஆனால் உள்ளேயிருந்து யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது போல முதுகு குறுகுறுக்கிறது. அப்படிப்பட்ட தெருவில் கால்கள் ஏன் தானாகவே வேகமெடுக்கின்றன? நான் யோசிக்கவில்லை. ஓடாத குறையாக நடந்தேன். ஓவர்சியர் பின்னால் மூச்சு வாங்க வந்தார்.

கடைசிப் பெரிய வீட்டின் பின்சந்தில் பஞ்சவர்ணத்தின் சின்ன ஓட்டு வீடு. கணவர் பட்டாளத்தில். போன டிசம்பரில் எல்லையில் நடந்த சண்டைக்குப் பிறகு தகவல் இல்லை. இருக்கிறார் என்றும் கடிதம் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை. சின்ன மகளுக்கு இளைப்பு. போன மழையில் வீடு முழுக்க ஒழுகி, பிள்ளை மூச்சுக்குத் தவித்து, காரைக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். இன்னொரு மழைக்காலத்தை இந்த ஈரத்தில் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மோர் கொடுத்தாள். டம்ளரில் வாய் வைத்தேன்.

தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள்.

டக்... டக்... டக்... வாசல் பக்கம் ஆரம்பித்து, நிதானமாக, கனத்த காலோடு நடந்து வந்து, அடுப்படிக்கு நேர் மேலே நின்றது.

நான் பதறவில்லை. பக்கத்திலிருந்த தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். “விடுங்க சார், மூச்சு முட்டுது” என்றது தூண். பார்த்தால் ஓவர்சியர்!

“பயந்துட்டீகளாண்ணே?” பஞ்சவர்ணம் சிரித்தாள். “அவுகதான். உச்சிக்குச் சோறு திங்க வாற நேரம்.”

மிச்ச மோரும் சட்டையில்.

“ஓடும்மா அது” என்றார் ஓவர்சியர். “வெயில் ஏறினா லூஸான ஓடெல்லாம் ஒண்ணொண்ணா நகரும். வேற ஒண்ணுமில்லை. சார், நீங்க இன்னும் என்னை விடலை.”

“ஓடுதான்னு எனக்குந் தெரியும் சார். கடைசி லீவுல வந்தப்ப ஓடு மாத்த மேல ஏறுனாக. பாதி மாத்துறதுக்குள்ள தந்தி வந்துருச்சு. ‘மிச்சத்த வந்து பாத்துக்குறேன்’னு எறங்கிப் போனாக. அந்த மிச்சப் பாதிதான் தெனமும் நடக்குது.” கொஞ்சம் தயங்கினாள். “அதை மட்டும் விட்டுட்டு வேல பாக்க முடியாதா?”

“ஒழுகுற பாதியே அதுதானேம்மா!”

உள்ளே பிள்ளை இருமியது. ஒவ்வொரு இருமலுக்குப் பின்னாலும் சன்னமாக ஒரு விசில். பஞ்சவர்ணம் மேலே பார்த்தாள். உள்ளே பார்த்தாள்.

“மாத்துங்க.”

கூரை ஒழுகினால் மனுக் கொடுக்க ஆபீஸ் இருக்கிறது. காத்திருப்பவர்கள் எந்த ஆபீஸில் கொடுப்பது?

போன வாரம் வேலை முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். உச்சி வேளைக்கு முன்னாலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவது என் திட்டம். பஸ்ஸுக்கு அது தெரியவில்லை. போய்ச் சேரும்போது வெயில் நடு மண்டையில்.

ஓட்டைத் தாங்கப் புதுக் கைமரம். புது ஓடு. விளிம்பெல்லாம் சுண்ணாம்புக் காரை. ஓவர்சியர் ஏணி வைத்து ஏறி வரிசை வரிசையாக ஆட்டிப் பார்த்தார். நானும் ஏறினேன், பாதி ஏணி. பெரிய மனிதருக்கு அது போதும்.

“ஒண்ணுகூட அசையாது. இனிமே உங்களுக்குப் பயமில்லை சார்” என்று கண்ணடித்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். யாரும் மேலே பார்க்கவில்லை. ஆனால் மூன்று பேருமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சத்தமே இல்லை.

பாயில் பிள்ளை வாயை மூடித் தூங்கியது. விசில் இல்லை. நல்லதுதானே? அப்படியிருந்தும் எந்தச் சத்தத்துக்கு அலறினேனோ, அது ஒரே ஒரு தரம் கேட்டுவிடாதா என்றிருந்தது. பஞ்சவர்ணம் அடுப்படி வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கையில் கரண்டி. சோற்றைக் கிளறவும் இல்லை, கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே! இனிமேல் என் சட்டையாவது தப்பிக்கும் என்று ஒரு ஜோக்கைத் தயார் செய்துகொண்டு வாயைத் திறந்தேன்.

டக்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

டக்... டக்... வாசல் பக்கமிருந்து. அதே நிதானம். அதே கனத்த கால். எங்கள் தலைக்கு மேலே வந்து, தாண்டி, அடுப்படிக்கு நேர் மேலே போய் நின்றது.

“புது மரம்... செட்டாகிற வரைக்கும்...” ஓவர்சியர் ஆரம்பித்தார். இந்தத் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்.

பஞ்சவர்ணம் திரும்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்து வைத்தாள்.

“இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு” என்றாள்.

‘ஓடுகள் உறுதியாக உள்ளன, எதுவும் அசையவில்லை’ என்று எழுதி ஓவர்சியர் நீட்டினார். போட்டேன். பொய்ச் சாட்சி இல்லை, ஐயா... அங்கே அசைந்ததெல்லாம் என் பேனாதான்!